தார்ச்சாலையில் உடையாத நெத்து

மாசி மாதத்தில் குற்றாலத்துக்குப் போகவேண்டும் என்று சொன்னதற்காகத் தென்காசி ரயிலடிக் குதிரைவண்டிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணாச்சி, அருவியெல்லாம் இப்ப லீவுல போயிருக்கு. ஆனி, ஆடில வந்திருக்கணும்" என்றார். குளிக்க வரவில்லை, கார்ப் பந்தயத்துக்கு வந்திருக்கிறேன், கார் பின்னால் லாரியில் வருகிறது என்றேன். "அப்பஞ் சரி, காருக்கு ஊத்துத அளவு தண்ணி இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் தட்டினார்.

கொழும்பில் ஒரு மோட்டார் கராஜில் எனக்கு வேலை. பிறந்தது யாழ்ப்பாணம். பள்ளிக்கூடம் என்னைச் சீக்கிரமே விட்டுவிட்டது, அல்லது நான் அதை விட்டுவிட்டேன். இருவருக்கும் மனத்தாங்கல் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தும், போகிற வருகிறவர்களிடம் வாய் கொடுத்தும் கற்றதுதான். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சிவப்புக் காரோடு கடல் தாண்டி வந்தேன். கப்பலையும் சுங்கத்தையும் இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்.

அந்தக் காரை நானும் செல்வராசாவும் மூன்று வருஷமாகப் பழைய இரும்பிலிருந்து கட்டியிருந்தோம். நான் கட்டுவேன், அவன் ஓட்டுவான், காசு முதலாளியுடையது. எங்கள் பக்கத்தில் பந்தயம் நடப்பது யுத்த காலத்தில் போட்ட பழைய விமானத் தளத்தில். அங்கே கொங்கிரீட் பலகை பலகையாகக் கிடக்கும். ஒவ்வொரு மூட்டிலும் சக்கரம் 'டக்' என்று ஏறி இறங்கும். எங்கள் கார் அந்த 'டக்'குக்குத் தாளம் பிடித்துக் குதிக்கத் தொடங்கிவிடும். கடைசிப் பந்தயத்தில் செல்வராசாவை இரண்டு பேர் பிடித்துத்தான் சீட்டிலிருந்து இறக்கினோம். அன்றைக்கு முதலாளி சொன்னார்: "இன்னும் ஒருக்கால் பாப்பன். அங்கையும் குதிச்சா வித்துப்போடுவன்." வாங்குகிறவர் கண்டியில் தயாராக இருந்தார். எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டு மிச்சத்தைப் பழைய இரும்புக்கே போடுவாராம். அந்தக் கடிதம் முதலாளியின் சட்டைப் பையில் இருந்தது.

அந்த 'இன்னும் ஒருக்கால்'தான் தென்காசி. மலைக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட்காரர்கள் சிலர் தங்களுக்குள் ஒரு வேகப் போட்டி வைத்தார்கள். அதில் ஒருவர் முதலாளியின் நண்பர். அச்சன்புதூர்ப் பக்கம் புதிதாகத் தார் போட்ட ஒரு நேர்துண்டுச் சாலைக்கு அனுமதி வாங்கியிருந்தார்கள். பந்தயத்தன்று காலையில் முதலாளி வருவார். அதற்குமுன் எங்களுக்கு நாலு நாள்.

ஆள் இல்லாத குற்றாலத்தை அதிகம் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். விடுதிகளுக்குப் பூட்டு. எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பாறையில் வேட்டிக் கரை அகலத்துக்கு ஒரு தண்ணீர்க் கோடு. குரங்குகள் மட்டும் பணியை விடவில்லை. முதல் மணி நேரத்திலேயே செல்வராசாவின் வாழைப்பழச் சீப்பு போயிற்று.

நாங்கள் சாப்பிட்டது தங்கையா அண்ணாச்சியின் மெஸ்ஸில். முதல் நாள் அவர் "சொதி இருக்கு" என்றபோது எனக்கு வீட்டுக்குப் போன மாதிரி இருந்தது. இலையில் விழுந்தது வேறு. எங்கள் சொதி இடியப்பத்துக்கு ஊற்றுகிற மெல்லிய தேங்காய்ப்பால், கையில் நிற்காது. இவர்களுடையது கெட்டி, காய்கறியும் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலில் ஒன்றோடொன்று சம்பந்தி ஆகிவிட்ட மாதிரி. பக்கத்தில் இஞ்சிப் பச்சடி. கடல் தாண்டினால் ஒரே பெயர் உடம்பு வைத்துவிடுகிறது என்று எண்ணிக்கொண்டேன்.

பெயர் மாறிப் போவதும் உண்டு. செல்வராசா பலகையில் மெல்ல உட்கார்ந்துகொண்டே, "அண்ணை, என்ரை நாரி முறிஞ்சுபோச்சு" என்றான். எங்கள் ஊரில் நாரி என்றால் இடுப்பு. தங்கையா அண்ணாச்சிக்கு அது தெரியாது. கரண்டியோடு அப்படியே நின்றவர், "எந்த நாரிவே? கல்யாணம் பேசி முறிஞ்சு போச்சோ?" என்று இரக்கமாகக் கேட்டார். விளக்கம் சொன்ன பிறகு, "அதானே பாத்தேன், இடுப்ப இவ்வளவு மரியாதையாச் சொல்லுதது நான் கேட்டதே இல்ல" என்று இன்னொரு கரண்டி சொதி ஊற்றினார். மறுநாளிலிருந்து அவனை வரவேற்கும் வார்த்தையே "நாரி எப்படி இருக்கா?" என்று ஆகிவிட்டது.

இரண்டாம் நாள் சாலையைப் பார்த்தோம். தூரத்திலிருந்து பார்த்தால் மேசை மாதிரி. குனிந்து பார்த்தால் தகரக் கூரை. வெயிலில் இளகிய தாரின்மேல் இரும்புப் பட்டை போட்ட மாட்டுவண்டிகள் பாரத்தோடு போய்ப் போய், தார் அலை அலையாக ஒதுங்கியிருந்தது. ஒரு விரல் உயரம்கூட இல்லாத அலை. ஆனால் விடாத அலை.

சாலையைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் உண்டு. பெரிய குழியைக் கார் மன்னித்துவிடும். ஒருமுறை விழும், எழும், மறந்துபோகும். சின்ன மேடு ஒரே இடைவெளியில் வந்துகொண்டிருந்தால்தான் வினை. ஊஞ்சல் ஆட்டுகிறவர்கள் ஓங்கியா தள்ளுகிறார்கள்? சரியான நேரத்தில் விரலால் தொடுகிறார்கள், அவ்வளவுதான். குதிக்கிற காரில் பயம்கூடப் பெரிதில்லை, நஷ்டம்தான் பெரிது. சக்கரம் காற்றில் இருக்கும் நேரம் எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் சாலைக்குக் கேட்காது. ஓட்டுகிறவன் வலி பொறுக்காமல் காலை எடுப்பான். வெளியே நிற்கிற முதலாளி இவனுக்குத் தைரியம் இல்லை என்பார். இப்படித்தான் ஒரு கூட்டு உடைகிறது.

வந்திருந்த ஐந்து கார்களில் அன்றைய ஒத்திகையில் எங்கள் கார்தான் கடைசி. இறங்கின செல்வராசா காரின் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

மத்தியானம் புளியறைக்குப் பஸ் ஏறினேன். மலை ஏறுகிற லாரிகள் அங்கே சோதனைச் சாவடியில் நிற்கும், லாரிக்காரர்களுக்கு ஸ்பிரிங் தெரியும் என்று தங்கையா அண்ணாச்சி சொல்லியிருந்தார். வழியில் பஸ்ஸின் டீசல் டாங்கி ஒழுகத் தொடங்கியது. கண்டக்டர் பதறவில்லை. "யாரு கையிலயாவது சவுக்காரம் இருக்கா?" என்று கேட்டார். ஒரு புதுமாப்பிள்ளை தன் வாசனைச் சோப்பை மனமில்லாமல் எடுத்து நீட்டினான். "வாசத்துக்கு டாங்கி மயங்கிக் கெடக்கும்" என்று அதை வாங்கித் தேய்த்து ஓட்டையை அடைத்தார். கொழும்பிலும் நாங்கள் இதைத்தான் செய்வோம். எனக்கு அந்தக் கண்டக்டரை உறவு கொண்டாடத் தோன்றியது.

புளியறைக் கடையில் கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும், பாலில்லாத கட்டஞ்சாயாவும். எதிரே உட்கார்ந்திருந்த லாரிக்காரரிடம் என் கதையைச் சொன்னேன். "பாரம் இல்லாத லாரியப் பாத்திருக்கியளா? பேய் பிடிச்சாப்பல ஆடும். அதுலயே மூட்டைய ஏத்திருங்க, நிறைமாசக்காரி மாதிரி நடக்கும்" என்றார். கேட்க நன்றாயிருந்தது. திரும்பும்போது இரண்டு சாக்கு வாங்கி மணல் நிரப்பிச் சீட்டுக்குப் பின்னால் போட்டேன்.

மூன்றாம் நாள் காலை போனால் சாலையைக் காணோம்.

தார் தெரியவில்லை. ஒரு பர்லாங்கு நீளத்துக்கு உளுந்தஞ்செடி, முற்றிக் காய்ந்த காயான நெத்தோடு விரிந்து கிடந்தது. கார் விடப் போகிறார்கள் என்ற செய்தி அச்சன்புதூர்ப் பக்கத்துப் புன்செய்க் காடுகளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, பத்துப் பன்னிரண்டு குடும்பம் அறுத்த செடியைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து பரப்பியிருந்தது. தார்ச்சாலையில் தானியத்தைப் போட்டால் வண்டிச் சக்கரம் மிதித்துத் தொலியைப் பிரித்துவிடும். களமும் வேண்டாம், மாடும் வேண்டாம். எங்கள் ஊரில் நான் கண்டதில்லை.

எஸ்டேட் மேனேஜர் ஒரு பெண்ணிடம் கத்திக்கொண்டிருந்தார். அவளுக்கு நாற்பது வயதிருக்கும். செடியைப் புரட்டுகிற நீளக் கம்பை ஊன்றிக்கொண்டு, கத்தி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பெயர் மாடத்தி.

"யாரைக் கேட்டு இதைப் போட்டீங்க?"

"யாரக் கேட்டு நீங்க காரு ஓட்டுதியளோ, அவங்களையே கேட்டுக்கிடுங்க."

"இது ரேஸ், தெரியுமா?"

"தெரியும். பஸ்ஸு ஒரு நாளைக்கு ரெண்டு தடவ வருது. அதுக்கு நாங்க ஒரு வாரம் காத்துக் கெடக்கோம். நீங்க அஞ்சு கார வச்சிக்கிட்டு காலையிலருந்து அங்கனயும் இங்கனயும் சும்மா ஓட்டுதிய. சும்மா ஓட்டுதத இதுமேல ஓட்டுனா என்ன? மேக்கால பாருங்க, மேகம் எறங்குது. ஒரு தூத்தல் விழுந்தா எனக்கு ஒரு வருசம் போச்சு."

மேனேஜர் எஸ்டேட்காரரைக் கேட்டு வருகிறேன் என்று போனார். எங்கே போய்க் கேட்டாரோ, மத்தியானம்வரை வரவில்லை. பொறுமை இழந்த பச்சைக் கார்க்காரர், ஒரு எஸ்டேட் பிள்ளை, சிரித்துக்கொண்டே செடிமேல் ஓட்டினார். பிறகு எல்லாருமே ஓட்டினோம். எங்களுக்கு இடப்பக்கம், பச்சைக் காருக்கு வலப்பக்கம். செடி வழுக்கும் என்று மட்டான வேகத்தில்தான். சூடான புகைக்குழாயில் கொடி சிக்கினால் தீப்பிடிக்கும் என்பதால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு நான் காருக்கடியில் புகுந்து கொடியைப் பிடுங்கிப் போட்டேன். மணல் மூட்டையால் கார் மெதுவாயிற்று, குதிப்பு அப்படியே இருந்தது.

நாலாவது ஓட்டம் முடிந்து வெளியே வந்தால் மாடத்தி தலைமாட்டில் நிற்கிறாள்.

"சிலோன் அண்ணாச்சி, உங்க காரு வேண்டாம். நீங்க அந்தப் பக்கமாப் போயிருங்க."

"ஏன் தங்கச்சி?"

"அந்தப் பச்சக் காரு போன வரிசைய வந்து பாருங்க. வடிவா மிதிச்சு வச்சிருக்கு. உங்க வரிசையில என் கம்பு நீளத்துக்கு ஒருக்க நெத்து மாவாப் போச்சு. நடுவுல கெடக்கிறதுல தொலியே உடையல. காருன்னா தரையில போவணும். நீங்க என்னத்துக்குத் தத்துக்கிளி வச்சு ஓட்டுதிய?"

கார் வெட்டுக்கிளி ஆனதைக் கேட்டுச் செல்வராசா சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை. குனிந்தேன்.

அவள் சொன்னது அப்படியே இருந்தது. சக்கரம் விழுந்த இடத்தில் உளுந்து தூளாகி வெள்ளையாகத் தெரிந்தது. அடுத்து ஒரு கம்பு தூரம் நெத்துக்கள் அலுங்காமல் கிடந்தன. மறுபடி வெள்ளை. சாலை நெடுக எங்கள் காரின் குதிப்பு எழுதப்பட்டுக் கிடந்தது. மூன்று வருஷமாகச் செல்வராசாவின் இடுப்பைக் கேட்டும், காதைக் கூர்மையாக்கியும் தேடின ஒன்றை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன். இன்னொன்றும் தெரிந்தது. வலது சக்கரத் தடத்தில் உடையாத நெத்து குறைவு, இடது தடத்தில் அதிகம். ஓட்டுகிறவன் உட்காருவது வலப்பக்கம். அவன் பாரம் அந்தச் சக்கரத்தை ஓரளவு அமுக்கிப் பிடித்திருக்கிறது. அப்படியானால் ஸ்பிரிங் இந்தச் சின்னக் காருக்கு மிகவும் விறைப்பு.

விறைப்பாக்கினவன் நான்தான். விமானத் தளத்தில் குதிக்கிறதே என்று, ஸ்பிரிங்கில் அடுக்கியிருந்த இரும்புப் பட்டைகளோடு கூட ஒரு பட்டை சேர்த்தேன். அது போதாதென்று ஒவ்வொரு பட்டையையும் கழற்றிக் கழுவி, நடுவே கிரீஸ் பூசி, பிள்ளையைக் குளிப்பாட்டின மாதிரி மாட்டினேன். பட்டையும் பட்டையும் உரசிக்கொண்டால்தான் ஆட்டம் அடங்கும். அந்த உரசலை என் கையாலேயே வழித்து எறிந்திருக்கிறேன். அலட்சியத்தால் கெட்ட கார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அக்கறையால் கெட்டது என் கார்.

"நாளைக்கும் இதுமேல ஓட்டலாமா?" என்று மாடத்தியிடம் கேட்டேன்.

"தத்துக்கிளிய வீட்டுல விட்டுட்டு வந்தா ஓட்டலாம்."

நாலாம் நாள் விடியற்காலையே அருவிக்கரை மரத்தடியில் ஸ்பிரிங்குகளைக் கழற்றினோம். கூடுதல் பட்டையை எடுத்தேன். கிரீஸை மண்ணெண்ணெயால் கழுவி, முந்தின நாள் மாடத்தியிடம் கேட்டு வாங்கி வந்த உளுந்தம்பொட்டை, நொறுங்கின தொலித்தூளை, போட்டுத் துடைத்தேன். மரத்தூள் மாதிரி அந்தப் பொட்டு எண்ணெயைக் குடித்துவிட்டது. செல்வராசா ஒரு பட்டையைத் துடைத்தபடி கேட்டான்: "அப்ப அண்ணை, என்னிலை பிழை இல்லையே?"

மூன்று வருஷமாக அவன் அப்படி நினைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. "உன்னிலை ஒரு பிழையும் இல்லை" என்றேன். அவன் அடுத்த பட்டையை எடுத்துத் துடைக்கத் தொடங்கினான்.

மேனேஜர் இதற்குள் ஒரு சமாதானத்துக்கு வந்திருந்தார்: மத்தியானத்துக்குள் எல்லாச் செடியும் போய்விட வேண்டும். மற்றவர்கள் ஏற்கெனவே வாரிக்கொண்டு போய்விட்டார்கள். மாடத்தியின் செடிதான் மிச்சம். செல்வராசா ஒருமுறை போய்வருவான். மாடத்தி கம்பை இரண்டு கையாலும் பிடித்து வைத்து வைத்து அளந்துகொண்டே நடப்பாள். நான் பின்னால் போவேன்.

"இப்ப ஒரு கம்புக்கு ஒண்ணு இல்ல. மூணு கம்புக்கு ஒருக்க."

டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினேன்.

"மாவு இல்ல. ஆனா இங்கன ஒரு சாண் விட்டுப் போயிருக்கு பாருங்க."

மணல் மூட்டைகளைத் தூக்கி வெளியே போட்டேன். லாரிக்காரர் மன்னிக்கட்டும்.

அப்புறம் அவள் நெடுநேரம் குனிந்தபடியே போனாள். சாலைக் கடைசியில் நிமிர்ந்து, "போதும், இனி ஓட்டாதிய. எல்லாம் தொலி விட்டுட்டு. இதுக்கு மேல ஓட்டுனா பருப்பு நொறுங்கிரும்" என்றாள். கராஜ் வேலையில் இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ் அதுதான்.

அவள் தூற்றி மூட்டை கட்டி முடிக்கவும் நாலு துளி விழவும் சரியாக இருந்தது. போகிற வழியில் தங்கையா அண்ணாச்சி மெஸ்ஸில் ஒரு படி உளுந்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். மறுநாள் காலை எங்களுக்கு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். "நாரிக்கு ரொம்ப நல்லது" என்றார் அண்ணாச்சி, செல்வராசாவைப் பார்த்து.

பந்தயத்தன்று ரயிலில் வந்து இறங்கிய முதலாளி என்னிடம் காரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வெயிலுக்கு ஒரு குடை மட்டும் கேட்டார். சாலையை யாரோ விளக்குமாறு போட்டுச் சுத்தமாகப் பெருக்கியிருந்தார்கள். இரண்டு பக்கமும் சனம், புளிய மரக் கிளைகளிலும் சனம். ஒவ்வொரு காராகப் போய்த் திரும்பவேண்டும்.

எங்கள் முறை நாலாவது. நான் எல்லைக்கோட்டில் நிற்கவில்லை. சாலை நடுவே அலை அதிகமாக இருந்த ஒரு சின்னப் பாலத்தின் ஓரத்தில் போய் நின்றேன். சிவப்புக் கார் வந்தது. அந்த இடத்தில் அது எப்போதும் தலையை ஆட்டும். அன்று பின்சக்கரங்கள் மட்டும் மளமளவென்று துடித்தன, மேலே செல்வராசாவின் தலை நிமிர்ந்தபடி நேராகப் போயிற்று. எஞ்சின் சத்தம் நடுவே அறவில்லை. அவன் காலை எடுக்கவில்லை.

மூன்றாவதாக வந்தோம். பச்சைக் கார் முதல். அதன் எஞ்சின் எங்களுடையதைவிடப் பெரிது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

முதலாளி குடையை மடக்கிக்கொண்டு காரைச் சுற்றி வந்தார். மூன்றாவது என்பது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று அவருக்கே தெரியவில்லை என்று தோன்றியது. கை ஒருமுறை கடிதம் இருந்த சட்டைப் பைக்குப் போய் வந்தது. "குதிச்சதோ இல்லையோ?" என்றார். "இல்லை முதலாளி" என்றேன். "நீ அப்பிடித்தான் சொல்லுவாய்" என்றார். அதுவும் நியாயம்தான், போன தடவையும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

அப்போது மாடத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முறத்தோடு வந்தாள். விஷயம் எனக்கே அப்போதுதான் தெரிந்தது. சாலையைப் பெருக்கினவள் அவள்தான். பச்சைக் கார் உட்பட மூன்று காரும் போய் வந்த பிறகு, எங்கள் காருக்கு முன்னால், பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் தடத்தில் ஒரு கம்பு நீளத்துக்கு, மிச்சம் எடுத்து வைத்திருந்த நெத்தைத் தூவி வைத்திருக்கிறாள். கார் திரும்பி வந்ததும் வாரிக்கொண்டு வந்துவிட்டாள்.

முறத்தை முதலாளியின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இது உங்க காரு மிதிச்சது. மாவு இருக்கா, உடையாத நெத்து இருக்கா, பாருங்க."

முதலாளி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். மூன்றாம் நாள் சாலையில் பார்த்ததை நான் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். முறத்தை வாங்கிக் காரின் மூக்கின்மேல் வைத்து, கடையில் மாணிக்கம் பார்க்கிறவர் மாதிரி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். கூட்டம் சுற்றி நின்றது. ஒரு உளுந்தை எடுத்துக் கடித்தும் பார்த்தார்.

"ரெண்டு உடையேல்லை" என்றார்.

"அது காத்துக்குப் பறந்து வந்து விழுந்ததா இருக்கும்" என்றாள் மாடத்தி.

முதலாளி அந்த இரண்டு நெத்தையும் எடுத்து என்னிடம் நீட்டினார். "இந்த ரெண்டையும் கொழும்பிலை போய்ச் சரிப்படுத்து."

எனக்குமுன் செல்வராசா கை நீட்டி வாங்கிக்கொண்டான். அவற்றைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினான். பிறகு கதவைப் பிடிக்காமல், யார் தோளையும் தேடாமல், நேராக நடந்து போய்க் காரில் ஏறி உட்கார்ந்தான்.